எஃப்.டி. பணம் 15 லட்சத்தையும் என்விடியா பங்கில் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். வயது 46. அடுத்த மாதம் 15 லட்சம் ரூபாய் எஃப்.டி. முதிர்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பொறியியல் சேர்க்க ஆசை. வங்கியில் சி.சி. கணக்கில் (லிமிட்டுக்குள் எடுத்துக் கட்டும் தொழில் கடன்) 6 லட்சம் பாக்கி, வட்டி 10.75 சதவீதம். மைத்துனர் மகன் பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். 2024 தொடக்கத்தில் அவன் வாங்கிய, ஜி.பி.யூ. என்ற கம்ப்யூட்டர் சிப் விற்கும் அமெரிக்கக் கம்பெனி என்விடியாவின் பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. “ஜி.பி.யூ. இல்லாம ஏ.ஐ. இல்ல மாமா, இன்னும் பத்து வருஷத்துக்கு டிமாண்ட் குறையாது, மொத்தத்தையும் போடுங்க” என்கிறான். போடலாமா?

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள். அந்தப் பையன் டிமாண்ட் பற்றிச் சொல்வது கற்பனை இல்லை. ஆனால் சரக்குக்கு டிமாண்ட் இருப்பது வேறு, உங்கள் மகளின் கல்லூரிப் பணம் அந்தப் பங்கில் இருக்கலாமா என்பது வேறு.

முதலில் சரக்கைப் பார்ப்போம், உங்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு ஹெட் மெஷினில் ஒரு டிசைன் ஒரு பீஸில்தான் இறங்கும். 20 ஹெட் மெஷினில் அதே டிசைன் ஒரே நேரத்தில் 20 பீஸில் இறங்கும். கம்ப்யூட்டரின் முக்கியச் சிப்பான சி.பி.யூ. என்பது எந்த வேலை கொடுத்தாலும் செய்கிற கைதேர்ந்த டெய்லர் என்றால், ஜி.பி.யூ. ஆயிரக்கணக்கான ஹெட் வைத்த மெஷின். வீடியோ கேமில் திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரிக் கணக்கைப் போடத்தான் அதை உருவாக்கினார்கள். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர், கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் இரண்டு என்விடியா கார்டுகளில் பயிற்றுவித்த மென்பொருள், படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்ற எல்லாரையும் பெரிய வித்தியாசத்தில் முந்தியது. ஏ.ஐ.க்குத் தேவையான கணக்கும் இந்த ‘ஒரே டிசைன், பல ஹெட்’ ரகம்தான் என்பது அப்போது உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் கார்டுகளில் வேறு வேலையும் செய்வதற்கான ‘கூடா’ (CUDA) என்ற மென்பொருளை என்விடியா 2006லேயே அறிவித்திருந்தது. உலகம் முழுக்க இன்ஜினியர்கள் அதில் பழகிவிட்டார்கள். போட்டிக் கம்பெனியின் சிப் விலை குறைவாக இருந்தாலும் எல்லாரும் உடனே மாறாததற்கு அந்தப் பழக்கம் பெரிய காரணம்.

வளர்ச்சியைப் பாருங்கள். 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் விற்பனை சுமார் 2,700 கோடி டாலர். இரண்டே ஆண்டில், 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில், அது 13,050 கோடி டாலர். அதில் 11,500 கோடி டாலருக்கு மேல், ஏ.ஐ. ஓடும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களான டேட்டா சென்டர்களுக்கான சரக்கு. ஒரு காலத்தில் சோறு போட்ட கேமிங் கார்டு விற்பனை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆண்டில் நூறு டாலருக்கு விற்றால் சரக்கின் அடக்கம் போக 75 டாலர் நின்றது. இத்தனைக்கும் இந்தக் கம்பெனிக்குச் சொந்தமாகச் சிப் ஃபேக்டரி கிடையாது. டிசைன் மட்டும் இவர்களுடையது. சிப்பைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. செய்து கொடுக்கிறது, மெமரி கொரியாவின் எஸ்.கே. ஹைனிக்ஸ் போன்றவர்களிடமிருந்து வருகிறது. மெஷினே இல்லாமல் முழுக்க ஜாப் ஒர்க்கில் ஓடுகிற எக்ஸ்போர்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது நல்ல கம்பெனி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை ஆர்டர் புத்தகத்தைப் பற்றியது.

நூல் தட்டுப்பாடான சீசனில் என்ன நடக்கும்? ஒருவரே மூன்று மில்லில் புக் பண்ணி வைப்பார், ஒன்றில் கிடைத்ததும் மற்ற இரண்டை கேன்சல் செய்வார். மில்காரருக்கு மட்டும் ஊரே நூலுக்கு அலைவதாகத் தோன்றியிருக்கும். ஜி.பி.யூ. தொழில் இந்த மாதிரி இரண்டு முறை அடி வாங்கியது. 2017 சமயத்தில் கிரிப்டோ நாணயம் ‘மைனிங்’ செய்கிறவர்கள், அதாவது கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அந்த நாணயத்தை ஈட்டுகிறவர்கள், கார்டுகளை அள்ளினார்கள். நாணய விலை சரிந்ததும் கார்டுகள் கடைகளில் தேங்கின. 2018 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் என்விடியா பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. கொரோனா காலத்தில் கேமிங்குக்கும் மைனிங்குக்கும் சேர்ந்து மறுபடி தட்டுப்பாடு வந்தது. 2022இல் இரண்டுமே அடங்கின. 2021 நவம்பர் உச்சத்திலிருந்து ஓராண்டுக்குள் பங்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. அந்த 2017 விற்பனையில் மைனிங்கின் கை எவ்வளவு என்பதை முதலீட்டாளர்களுக்குச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் குற்றம் சாட்டியது. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2022 மே மாதம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்தது. டிமாண்ட் யாரிடமிருந்து வருகிறது என்பது வெளியே நிற்கிற நமக்கு எவ்வளவு தாமதமாகத் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது வாங்குகிறவர்கள் யார்? பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா போன்ற சில ராட்சதர்களின் பணம். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மூன்றே நேரடி வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு வந்ததாகக் கம்பெனியின் ஆண்டறிக்கையே சொல்கிறது. மூன்று பையரை (சரக்கு வாங்குபவரை) மட்டும் நம்பி யூனிட் நடத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையர்களில் சிலர் சொந்த மெஷினும் போடுகிறார்கள். கூகுளிடம் டி.பி.யூ., அமேசானிடம் டிரெய்னியம், மைக்ரோசாஃப்டிடம் மாயா என்று அவரவர் சிப் இருக்கிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏ.ஐ. நிறுவனத்தில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் நோக்கம் இருப்பதாக 2025 செப்டம்பரில் என்விடியா அறிவித்தது. ஓப்பன்ஏ.ஐ. என்விடியாவின் சிப்புகளை வாங்குகிற கம்பெனி. அடுத்த மாதமே போட்டி சிப் கம்பெனி ஏ.எம்.டி. தன் சிப்பை வாங்குவதற்கு ஈடாக, அதே ஓப்பன்ஏ.ஐ.க்குத் தன் பங்குகளில் 16 கோடி வரை பெறும் உரிமையைத் தருவதாக ஒப்பந்தம் போட்டது. பையருக்குப் பணம் கொடுத்து நம் சரக்கையே வாங்கவைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். பையர் சொந்த வருமானத்தில் நிற்கும்வரை அது ஓடும். ஆனால் அப்படி வருகிற ஆர்டரைத் தானாக வருகிற ஆர்டரோடு ஒன்றாக எண்ண என்னால் முடியாது.

2025 ஜனவரி 27ஆம் தேதி, சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் நல்ல ஏ.ஐ. மாடலைச் செய்துவிட்டது என்ற செய்தி பரவியபோது, என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. கிட்டத்தட்ட 59,000 கோடி டாலர் சந்தை மதிப்பு போனது. பிறகு மீண்டு புது உச்சமும் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் 2000இல் இன்டர்நெட் சாதனங்கள் விற்ற சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் வளரும் என்று சொன்னவர்கள் சொன்னது அப்படியே பலித்தது, சிஸ்கோவும் 2001 நிதியாண்டில் நஷ்டம் கண்டாலும் பிறகு லாபத்துக்குத் திரும்பியது. அப்படியும் அந்த ஆண்டு உச்சத்தில் வாங்கியவர்கள் அதே விலையைத் திரும்பப் பார்க்க சுமார் 25 ஆண்டு காத்திருந்தார்கள். உங்கள் மகளின் கவுன்சிலிங் இரண்டு ஆண்டில் வந்துவிடும்.

பையன் சொல்லாமல் விட்டது காகித வேலை. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும். 15 லட்சத்துக்கு அது 1 லட்சம். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். நீங்கள் உத்தேச வருமான முறையில் ஐ.டி.ஆர்.-4 போடுகிறவராக இருந்தால், ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தாலும் அந்தப் படிவம் செல்லாது. ஐ.டி.ஆர்.-3க்கு மாறி, வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அந்த வரி விகிதத்துக்குப் போகும், அதற்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம். முதலில் உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. 6 லட்சத்தை சி.சி. கணக்கில் கட்டுவேன். 10.75 சதவீதம் மிச்சம் நிச்சயம். தொழில் வட்டியைச் செலவாகக் காட்டுகிறவர் என்றால் வரி போக நிகர மிச்சம் கொஞ்சம் குறையும், அப்படியும் பயமில்லாமல் இந்த அளவு தருகிற வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. லிமிட் இருக்கிறவரை அவசரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பையர் பேமென்ட் 90 நாள் இழுக்கிற தொழிலில் அது எவ்வளவு பெரிய தெம்பு என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு 6 லட்சம் மகளுக்கு. கவுன்சிலிங்குக்கு முந்தைய மாதம் முதிரும்படி புது எஃப்.டி. போடுங்கள். 2 லட்சம் வீட்டு அவசரத்துக்கு.

மீதி 1 லட்சம் ஏழு, பத்து ஆண்டு தொடாமல் இருக்கும் என்றால், அமெரிக்க இண்டெக்ஸை (பெரிய கம்பெனிப் பங்குகளின் தொகுப்புக் குறியீட்டை)ப் பின்பற்றும் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடலாம். எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸில் என்விடியா ஏற்கெனவே முதல் வரிசையில் இருப்பதால், ஜி.பி.யூ. வளர்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். இதை வைத்திருப்பதால் மட்டும் ஐ.டி.ஆர். படிவமும் மாறாது. வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பு காரணமாகச் சில ஃபண்டுகள் அவ்வப்போது புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடும். பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டுகளான இ.டி.எஃப். யூனிட்டுகள் அந்த நேரத்தில் உண்மை மதிப்பைவிட அதிக விலைக்குப் போகும். அப்படி இருந்தால் வாங்காமல் காத்திருங்கள்.

உங்கள் எஃப்.டி. தானாகப் புதுப்பிக்கும் முறையில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால், முதிர்வுக்கு முன்பே வங்கிக்குப் போய், பணம் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.