சோனியா கிராஃப்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜெர்மனியில் பிறந்த சதுரங்க வீராங்கனை சோனியா கிராஃப் யாரிடம் சதுரங்கம் கற்றார்?

பதில்: 1908இல் மியூனிக்கில் பிறந்த அவருக்குத் தந்தையே முதலில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் அவர் பட்ட துன்பம் அதிகம். அதிலிருந்து வெளியேறும் வழியாகவே சதுரங்கத்தைப் பற்றிக்கொண்டார். பின்னர் அதே நகரில் வாழ்ந்த மேதை சீக்பெர்ட் டாராஷ் அவரை மாணவியாக ஏற்றார்.

கேள்வி: அன்றைய மகளிர் உலகச் சாம்பியன் வேரா மென்சிக்கை அவரால் வெல்லவே முடியவில்லை என்பது சரியா?

பதில்: சரியன்று. 1934இல் ராட்டர்டாமில் நடந்த நான்கு ஆட்டங்களில் ஒன்றையும், 1937இல் செம்மெரிங்கில் நடந்த பதினாறு ஆட்டங்களில் இரண்டையும் கிராஃப் வென்றார். இரண்டு போட்டிகளிலும் மென்சிக்கே தெளிவாக முன்னிலை பெற்றார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அக்காலத்தில் மென்சிக்கை வீழ்த்திய பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: 1939 மகளிர் உலகச் சதுரங்கப் போட்டியில் அவர் ஏன் ஜெர்மனிக்காக ஆடவில்லை?

பதில்: நாஜி ஆட்சியை அவர் வெளிப்படையாக எதிர்த்ததால் ஜெர்மனியின் சார்பில் ஆட அவருக்கு இடமில்லை, ஜெர்மனிக்காக ஃப்ரீடல் ரிண்டர் ஆடினார். ஆகவே புவனோஸ் ஐரிஸில் கிராஃப் எந்த நாட்டையும் சாராதவராக, 'சுதந்திரமானவர்' என்று பொருள்படும் 'லிப்ரே' என்ற பெயரின் கீழ் அமர்ந்து, பத்தொன்பது ஆட்டங்களில் பதினாறை வென்று மூன்றில் தோற்றார். ஒன்றுகூடச் சமனில் முடியவில்லை. மென்சிக் 18 புள்ளிகளுடன் பட்டம் வென்றார். அவர்கள் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் வெல்லும் நிலையை எட்டிய பிறகே கிராஃப் தோற்றார். அதை அவர் வென்றிருந்தால் இருவரும் 17 புள்ளிகளில் நின்றிருப்பார்கள். 'இரண்டாமிடம்' என்ற ஒற்றைச் சொல்லால் அவரைக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: அவர் கிராண்ட்மாஸ்டரா?

பதில்: இல்லை. 1950இல் மகளிர் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார்.

கேள்வி: போருக்குப் பின் என்ன ஆனார்?

பதில்: போட்டிக் காலத்திலேயே போர் மூண்டதால் அர்ஜென்டினாவில் தங்கி, ஸ்பானிய மொழியில் இரண்டு நூல்கள் எழுதினார். ஸ்டீவன்சன் என்பவரை மணந்து 1947இல் அமெரிக்கா சென்றார். அங்கு 1957இல் கிசெலா கிரெஸருடன் மகளிர் சாம்பியன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 1964இல் அதைத் தனியாகவே வென்றார். 1965 மார்ச்சில் நியூயார்க்கில் காலமானபோது அவருக்கு வயது 56.