சம்பளம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. கோலாலம்பூரில் இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

கேட்ட தம்பியின் நிலைமை இது: கோலாலம்பூரில் வேலை, சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்), தவணையில் ஒரு மைவி கார், கிரெடிட் கார்டில் 4,000 வெள்ளி பாக்கி, அறை வாடகை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் கொஞ்சம். 20ஆம் தேதிக்கு மேல் கைமாற்று வாங்கித்தான் ஓடுகிறது. மாதச் செலவை எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் காசு நிற்கவில்லை என்கிறார்.

செந்தூலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியைத் தாண்ட முடியாமல் பல வருடம் தவித்த குடும்பம் எங்களுடையது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தம்பி, கடையில் தே தாரே டீ குடிக்காதே, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைப் பக்கம் போகாதே என்று நிறைய பேர் உங்களுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு மனம் நோக வேண்டாம். 2,800 சம்பளத்தில் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 308 வெள்ளி போய், சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிச் சந்தா எல்லாம் கழிந்து கைக்கு வருவது சுமார் 2,470. 2019இல் ஈபிஎஃப் வெளியிட்ட பெலாஞ்சாவான்கு என்ற செலவுக் கையேடு, கோலாலம்பூரும் சுற்று வட்டாரமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் வைத்திருக்கும் தனி ஆளுக்கு மாதம் 2,490 வெள்ளி வேண்டும் என்று கணக்குப் போட்டது. அது 2019 விலைவாசி. இன்றைக்கு நீங்கள் திணறுவது ஊதாரித்தனத்தால் அல்ல.

சரி, மாதக் கணக்கு சரியாக வந்தும் ஏன் காசு நிற்கவில்லை? எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வாடகை, தவணை, சாப்பாடு, பெட்ரோல் என்று எழுதிக் கூட்டினால் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். மாதக் கணக்கில் அடங்குவது வருடக் கணக்கில் உதைக்கும். ஒரு நாள் சமையலறையில் தொங்கிய காலண்டரை எடுத்து, ஒவ்வொரு மாதத்தையும் திருப்பி, அந்த மாதத்தில் மட்டும் வருகிற செலவை அந்தந்தத் தாளின் ஓரத்தில் எழுதினேன். கார் காப்புறுதியும் சாலை வரியும் 900. பள்ளி திறக்கும்போது சீருடை, சப்பாத்து, புத்தகப்பை 500. தைப்பூசத்துக்கும் குலதெய்வப் படையலுக்கும் 200. தீபாவளிக்கு 1,200. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு மொய் 600. கார் சர்வீஸ், டயர், பேட்டரி 1,000. மொத்தம் 4,400 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 367.

அந்த 367 எங்கள் மாதக் கணக்கில் எங்குமே இல்லை. ஒவ்வொரு முறையும் அதை ‘எதிர்பாராத செலவு’ என்று சொல்லி, கிரெடிட் கார்டைத் தேய்த்தோ, என் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தோ சமாளிப்போம். அடுத்த மாதச் சம்பளம் அந்தக் கடனுக்குப் போகும். தீபாவளி எந்த மாதம் வரும் என்று போன வருடமே தெரியும். அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? உங்கள் ஓட்டையும் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே காலண்டரை எடுத்து எழுதிப் பாருங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனால் காருக்கும் பண்டிகைக்கும் ஊருக்குப் போய்வரவும் மட்டுமே மாதம் 200க்குக் குறையாமல் வரும்.

அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது கார். மேலே சொன்ன அதே கையேட்டில் பொதுப் போக்குவரத்தில் போகும் தனி ஆளுக்கு 1,870 வெள்ளிதான் போட்டிருந்தார்கள். கார் ஒன்று மட்டும் 620 வெள்ளியைத் தின்கிறது. தவணைக் கணக்கைப் பாருங்கள்: 50,000 வெள்ளிக் கடன், வருடம் 3.5 விழுக்காடு, 9 வருடம் என்றால் வட்டி மட்டும் 15,750. மாதத் தவணை சுமார் 609. வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வருடம் வரை வட்டி போடும் கணக்கு இது. நீங்கள் கட்டக் கட்ட வட்டி குறையாது.

அதற்காகக் காரை நாளைக்கே விற்றுவிடு என்று சொல்லமாட்டேன். கடனை முழுதாக முடிக்க எவ்வளவு ஆகும் என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். பழைய கார் கடையில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்றும் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். விலை கடனைத் தாண்டினால், வேலையும் வீடும் எல்ஆர்டி, எம்ஆர்டி பாதையில் இருந்தால், விற்பது நல்லது. மை50 என்கிற மாதாந்திரப் பயண அட்டைக்கு மாதம் 50 வெள்ளிதான். அதில் ரெப்பிட் கேஎல் ரயிலும் பஸ்ஸும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். கேடிஎம் கொமுட்டர் ரயிலுக்கு அது செல்லாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் விலையை விட அதிகமாக இருந்தால் காரை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிய காருக்கு மாறலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்தது கிரெடிட் கார்டு. 4,000 பாக்கிக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் 60 வெள்ளி வட்டி. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. இப்போது 200 கேட்பார்கள். பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் சுருங்கிக்கொண்டே போய் 50இல் நிற்கும். அவர்கள் கேட்பதை மட்டும் கட்டினால் 5 வருடத்துக்கு மேல் இழுக்கும். கேட்கும் தொகை 150 ஆனாலும் 100 ஆனாலும் நீங்கள் 200 வெள்ளியிலேயே நின்றால், அதே கடன் 2 வருடத்தில் தீர்ந்துவிடும். கார்டைப் புதிதாகத் தேய்க்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. இப்போது வாங்கிப் பிறகு கட்டு என்று கைப்பேசியில் கொடுக்கும் ‘பே லேட்டர்’ எல்லாம் இதே ரகம், சின்னச் சின்னதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

ஈபிஎஃப்பில் 2024 மே மாதத்திலிருந்து அக்காவுன் ஃபிளெக்சிபல் என்று, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு பகுதி இருக்கிறதே, அதை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பங்கும் முதலாளி பங்கும் சேர்ந்து மாதம் 672 வெள்ளி போகிறது, அதில் 10 விழுக்காடு, சுமார் 67 வெள்ளி, அந்தப் பகுதியில் விழுகிறது. 2024க்கு ஈபிஎஃப் கொடுத்த லாபஈவு 6.30 விழுக்காடு. 18 விழுக்காட்டுக் கடனை அடைக்க அதிலிருந்து ஒரே ஒரு முறை எடுப்பதில் நியாயம் இருக்கிறது, கார்டை வெட்டிப் போட்ட பிறகு. மாதாமாதம் எடுத்துச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் அது வயதான காலத்துச் சோறு.

சேர்த்து வைக்க நம் ஆட்கள் கூட்டு போடுவார்கள், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு. எங்கள் குடியிருப்பில் பெண்கள் பலர் கூட்டுக் காசில்தான் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம். பிடிப்பவர் ஓடிவிட்டால் காசைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதே கட்டுப்பாட்டை வங்கியில் கொண்டுவரலாம். வேறொரு வங்கியில் ஏடிஎம் கார்டு இல்லாத கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் ஏறும் அன்றே, காலண்டரில் கணக்குப் போட்ட அந்த மாதத் தொகை தானாக அங்கே போகும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள். நாங்கள் முதலில் 100 வெள்ளியில்தான் தொடங்கினோம். முதல் வருடம் காப்புறுதியைக் கைக்காசில் கட்டியபோது இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு, வருமானம் ஏறியே ஆக வேண்டும். என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கனரக வாகனங்களுக்கான ஈ லைசன்ஸ் எடுத்து, கிள்ளான் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டப் போன பிறகுதான் எங்கள் தலை நிமிர்ந்தது. நான் தீபாவளி சமயத்தில் முறுக்கு, நெய் உருண்டை ஆர்டர் எடுப்பேன். சம்பளம் ஏறியதும் வீட்டில் பெரிய டிவி வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. ஒரு வருடம் எந்தப் புதுத் தவணையும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஏறிய தொகை முழுவதும் அந்தத் தனிக் கணக்குக்குப் போனது. அப்புறம் ஒரு கட்டத்தில், போன மாதச் சம்பளத்தில் இந்த மாதத்தை ஓட்டும் நிலைக்கு வந்தோம்.

கைமாற்று கிடைக்காத நாளில் ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டி முதலையிடம், போகத் தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பவரிடமும் வேண்டாம். உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். கார்டு, கார் தவணை இரண்டையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாத நிலை வந்தால், ஒரு தவணை தவறுவதற்கு முன்பே ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு அது. வங்கிகளுடன் பேசி உங்கள் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள். கார்டை முடக்கிவிடுவார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். ஐசி (அடையாள அட்டை), சம்பள சிலிப், வங்கிகளிலிருந்து வந்த கடன் கணக்குகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சேவை இலவசம். ஏகேபிகேயில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி யாராவது காசு கேட்டால், கொடுக்காமல் நேராக அலுவலகத்துக்கே போய்விடுங்கள்.