கப்பல் ஊழியருக்கு டிப்ஸ் எவ்வளவு, தேயிலை கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் டிசம்பரில் எங்களை 4 இரவு கப்பல் பயணத்துக்குக் கூட்டிப்போகிறான். நானும் கணவரும், மகன், மருமகள், 6 வயதுப் பேரனுமாக 5 பேர், 2 கேபின். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டொலர் ‘கிராஜுவிட்டி’ என்று பில்லில் சேருமாம். கவுண்டரில் சொல்லி அதை நீக்கிவிட்டு, வேலை செய்கிறவரின் கையிலேயே கொடுப்பதுதான் நல்லது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது சரியா? அதற்கு மேலும் கொடுக்க வேண்டுமா? எங்கள் பக்கத்துத் தேயிலை, வீட்டில் செய்த முறுக்கு எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்

பதில்: கிராஜுவிட்டி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வேலையிலிருந்து விலகும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணம். கப்பல் பில்லில் வருவது அதுவல்ல. நுவரெலியா ஹோட்டல்களில் பில்லின் அடியில் 10% சேவைக் கட்டணம் என்று போடுகிறார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. நம் பிள்ளைகள் பலர் ஹோட்டல் வேலையில் இருப்பதால் அது எப்படிப் பிரிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேசைக்கு வருகிறவரிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை பங்கு போடுவார்கள். சம்பளத்தைவிட அந்தப் பங்கு கூடுதலாக வரும் மாதங்களும் உண்டு. கப்பலிலும் இதே ஏற்பாடுதான். கேபினைத் துப்புரவாக்கும் ஸ்டுவர்ட், உணவு மேசையில் பரிமாறும் வெயிட்டர், அவருடைய உதவியாளர் ஆகியோருக்குப் பெரும் பங்கு போகும். பல நிறுவனங்களில், நீங்கள் கண்ணாலேயே காணாத சலவைக்காரருக்கும் சமையலறை உதவியாளருக்கும் அதிலிருந்து ஒரு பங்கு உண்டு.

தொகை சிறியதல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. 18 டொலர், 5 பேர், 4 நாள்: 360 டொலர். அமெரிக்க டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 108,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 80 நாள் உழைப்பு. மலையகத்திலிருந்து போகிறவருக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் அதை நீக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை.

காரணங்கள் மூன்று. அந்தப் பணம் பெயருக்குத்தான் டிப்ஸ். உண்மையில் அவர்களுடைய வருமானத்தில் பெரும் பகுதி. பெரும்பாலான கப்பல் ஊழியருக்கு 6 முதல் 9 மாத ஒப்பந்தம், வாரத்தில் 7 நாளும் வேலை, முழு நாள் விடுமுறை என்பது கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் காக்கும் ஓய்வே அவ்வளவுதான் என்றால் மிச்ச நேரமெல்லாம் எப்படிப் போகும் என்று பாருங்கள். இரண்டாவது, கையில் கொடுத்தால் கண்ணில் படுகிறவருக்கு மட்டுமே போகும். உங்கள் படுக்கை விரிப்பைச் சலவை செய்தவரை எங்கே தேடிப் பிடிப்பீர்கள்? மூன்றாவதுதான் உங்கள் நண்பருக்குத் தெரியாதது. கட்டணத்தை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் காசை ஊழியர் பொதுப் பணத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்று சில நிறுவனங்களில் விதியே இருக்கிறது. அப்படியான கப்பலில் நீங்கள் நினைத்த ஆளுக்கு நீங்கள் நினைத்த தொகை போய்ச் சேராது. கட்டணத்தை விட்டுவைத்து, அதற்கு மேல் கொடுக்கும் காசுதான் முழுதாக அவருடையது.

சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் என்ன செய்வது? கடைசி நாள் வரை மனதில் வைத்திருக்காமல், நடந்த அன்றே வரவேற்புக் கவுண்டரில் சொல்லுங்கள். அன்றைக்கே திருத்தக்கூடிய விஷயமாக இருக்கும். நான்காம் நாள் பணத்தை வெட்டினால், தவறே செய்யாத பத்துப் பேரின் பங்கும் சேர்த்தே வெட்டப்படும்.

பயணத்துக்கு முன் மகனிடம் பதிவுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கிராஜுவிட்டி முன்கூட்டியே செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். பதியும்போதே கட்டியிருந்தால் கப்பலில் மறுபடி சேராது. கட்டாவிட்டால் ஒவ்வொரு நாளும் கேபின் கணக்கில் ஏறும். பேரனுக்கும் பெரும்பாலும் அதே தொகைதான். சில நிறுவனங்கள் கைக்குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. உயர்ந்த வகை அறை என்றால் நாள் தொகை கூடும். எல்லாவற்றையும் டிக்கெட் விலையிலேயே அடக்கிவிடும் ஆடம்பரக் கப்பல்களும் உண்டு. அவற்றில் இந்தக் கட்டணமே இராது. கேபின் கணக்குக்கு இலங்கையில் எடுத்த டெபிட் அட்டையைக் கொடுக்காமலிருப்பது நல்லது. கப்பல் நிறுவனம் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும், அது விடுபட நாட்கள் செல்லும். அதுவரை அந்தக் காசை நீங்கள் தொட முடியாது. மகனுடைய கடனட்டையைக் கொடுங்கள், அல்லது கவுண்டரில் காசாகவே முற்பணம் கட்டுங்கள்.

பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பாரில் ஒரு குளிர்பானம் வாங்கினாலும், ஸ்பாவுக்குப் போனாலும், பெரும்பாலான கப்பல்களில் 18 முதல் 20% வரை சேவைப் பணம் தானாகவே பில்லில் ஏறியிருக்கும். அதற்குக் கீழே ‘மேலதிக டிப்ஸ்’ என்று இன்னொரு வெற்றுக்கோடு விட்டிருப்பார்கள். பில்லை முழுதாகப் பார்க்காமல் அந்தக் கோட்டையும் நிரப்பிவிட்டு, ஒரே பானத்துக்கு இரண்டு முறை டிப்ஸ் கொடுத்து வருகிறவர்கள் ஏராளம். அதில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சரி, இதற்கு மேலும் கொடுக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. நாள் கட்டணம் கட்டியவர் எதுவும் கொடுக்காமல் இறங்கினாலும் கடமையில் குறை வைத்தவர் ஆகமாட்டார். மனம் விரும்பிக் கொடுப்பதென்றால் 4 இரவுக்கு ஒரு கேபினுக்கு 10 முதல் 15 டொலர் ஸ்டுவர்டுக்கு. இரவுச் சாப்பாட்டுக்குத் தினமும் அதே மேசை, அதே ஆட்கள் என்றால் வெயிட்டருக்கு 10, உதவியாளருக்கு 5. உங்கள் இரண்டு கேபினுக்கும் சேர்த்து 45 டொலருக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு இரவும் வேறு மேசை என்றால் சாப்பாட்டு மேசைக்குத் தனியாக வேண்டாம். அறைக்குச் சாப்பாடு வரவழைத்தால் கொண்டுவருகிறவருக்கு 2 டொலர். கப்டனுக்கும் சீருடைத் தோளில் பட்டி வைத்த அதிகாரிகளுக்கும் காசு நீட்டக் கூடாது. அது அவர்களைச் சங்கடப்படுத்தும். பேரன் விளையாடப் போகும் சிறுவர் பகுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பொதுப் பங்கில் சேராதவர்கள். அவர்களுக்குப் பேரன் தன் கையால் வரைந்த ஒரு நன்றி அட்டை போதும்.

டொலரை ஊரிலேயே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டும் விமான டிக்கெட்டும் கொண்டு வங்கிக்குப் போய் 1, 5, 10 டொலர் தாள்களாகக் கேளுங்கள். கிழிந்த தாள், பேனாவால் எழுதிய தாள், முத்திரை குத்திய தாள் வாங்காதீர்கள். பிறகு அதை மாற்றுவது அந்த ஊழியருக்குத்தான் சிரமம். நாணயங்களும் வேண்டாம், அவர் தன் நாட்டில் அவற்றை மாற்ற முடியாது. இலங்கை ரூபா கப்பலில் செல்லாது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சில கப்பல்களில் சிங்கப்பூர் டொலரில்தான் கணக்கு என்பதால், எந்த நாணயம் என்று மகனிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இனித் தேயிலை. காசுக்குப் பதிலாக அல்ல, காசோடு சேர்த்து என்றால் இதைவிட நல்ல பரிசு நம் பக்கத்திலிருந்து இல்லை. தோட்டத்தில் சம்பளத்துக்குப் பதில் சேலை கொடுத்தால் நாம் ஏற்றுக்கொள்வோமா? அங்கும் அப்படித்தான்.

வீட்டுப் பாவனைக்கு வைத்திருக்கும் தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். குடிக்க அதுதான் சுவை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பெயரில்லாத கறுப்புத் தூள் பொட்டலம் துறைமுகச் சோதனையில் நிற்கும். தப்பிப் போனாலும் ஊழியரின் கேபினை அடிக்கடி பரிசோதிப்பார்கள். அங்கே அவருக்குத்தான் கேள்வி வரும். தூள் தேயிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊழியர் கேபினில் கேத்தல் வைத்திருக்க விடமாட்டார்கள், தீ ஆபத்து. அவர்களுடைய சாப்பாட்டு அறையில் சுடுதண்ணீர் இருக்கும், வடிகட்டி இருக்குமா? ஆகவே தேயிலைப் பைகள்தான் சரி. அதிலும் ஒவ்வொரு பையும் தனித்தனி உறையில் மூடியிருப்பதாகப் பாருங்கள். கடல் காற்றின் ஈரத்தில் திறந்த பெட்டியின் மணம் சில நாளில் போய்விடும்.

அளவு: தலா 2 கிராம் கொண்ட 25 பைகள் உள்ள சிறு பெட்டி, ஆளுக்கு ஒன்று. ஸ்டுவர்ட், வெயிட்டர், உதவியாளர், சிறுவர் பகுதியில் இரண்டு பேர், கையிருப்புக்கு ஒன்று என்று 6 பெட்டி வாங்கினால் தேயிலை 300 கிராம்தான். பயணப்பொதியில் பாரமே தெரியாது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ‘டிம்புள்ள’ என்று போட்ட பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். ஹட்டன் அந்தத் தேயிலைப் பிரதேசத்தில்தான் இருக்கிறது, எங்கள் வீட்டைச் சுற்றி விளைவது என்று சொல்லிக் கொடுக்கலாம். வெறும் கறுப்புத் தேயிலை போதும். பழத்தோல், பூ, விதை கலந்த வகைகள் சில நாட்டுத் துறைமுகங்களில் தடைப்படும். பிறகு எப்போதாவது அவுஸ்திரேலியா பக்கம் கப்பலில் போனால் எந்த உணவுப் பொருளையும், தேயிலை உட்பட, சுங்கப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

முறுக்கு கூடாது. சொல்ல எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வீட்டில் சமைத்த எதையும் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. வயிற்றோட்ட நோய் ஒருவருக்கு வந்தால் ஆயிரக்கணக்கானோர் அடைபட்டிருக்கும் இடத்தில் மின்னல் வேகத்தில் பரவும். எந்த உணவால் வந்தது என்று கண்டுபிடிக்க, உள்ளே வரும் உணவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நுவரெலியா ஸ்ட்ரோபெரி, காய்கறி, பூங்கொத்து ஆகியவற்றுக்கும் இதே கதைதான். இனிப்பு கொடுக்க ஆசையென்றால் கடையில் சீல் வைத்த, விபரச்சீட்டு உள்ள இஞ்சி பிஸ்கட் போன்றது எடுங்கள். கப்பல் ஊழியரில் இந்தோனேசிய முஸ்லிம்கள் நிறையப் பேர். ஜெலட்டின் சேர்ந்த மிட்டாயும் மது கலந்த சொக்லேட்டும் தவிருங்கள். மதுப் போத்தல் கொடுக்கவே வேண்டாம், அவருக்கு அது வேலைக்கே ஆபத்தாகலாம். துணிமணி, மரச்சிற்பம் போன்ற பெரிய பொருட்களும் உதவாது. இரண்டு பேர் பங்கிடும் சிறு கேபின். ஊருக்கு விமானத்தில் போகும்போது பாரக் கணக்கு வேறு.

கொடுக்கும் முறையில் தவறினால் நல்ல மனதோடு கொடுத்ததும் பலனற்றுப் போகும். தலையணையில் வெறும் காசை வைத்துவிட்டுப் போனால் ஸ்டுவர்ட் தொடமாட்டார். பயணியின் காசு மறந்து கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். கடைசி நாள் அறையில் விட்டுப்போன பொருள் பரிசாகாது, தவறவிட்ட பொருளாகிக் கவுண்டருக்குப் போய்விடும். சிறு உறை ஒன்றில் காசை வைத்து, மேலே அவருடைய பெயரை எழுதிக் கையில் கொடுங்கள். பெயர் அவர் சட்டையில் குத்தியிருக்கும், நாடும் அதில் இருக்கும். தேயிலைப் பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள்: இது இன்னாருக்கு நாங்கள் விரும்பிக் கொடுத்த பரிசு, கேபின் இலக்கம், திகதி, உங்கள் கையெழுத்து. ஊழியர் கப்பலை விட்டு இறங்கும்போது அவருடைய பையைச் சோதிப்பார்கள். பயணியின் பொருள் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டால் அந்தச் சீட்டுத்தான் அவருக்குத் துணை.

நேரம், கடைசி இரவுக்கு முந்திய மாலை அல்லது கடைசி இரவுச் சாப்பாடு. இறங்கும் காலையில் வேண்டாம். அன்றே அடுத்த பயணிகள் ஏறுவார்கள், ஊழியர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கடைசி இரவு பெரிய பெட்டிகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். உறைகளும் தேயிலையும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. முதலிலிருந்தே அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பட்டியில் ‘ஸ்ரீலங்கா’ என்றோ ‘இந்தியா’ என்றோ கண்டால் தமிழில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். பண்டாரவளை ஹோட்டல் பாடசாலையில் படித்த பிள்ளையாகக்கூட இருக்கலாம். “எந்த ஊர் தம்பி?” என்று கேட்பது அவருக்கு டிப்ஸைவிட இனிக்கும். ஆனால் பரிமாறும் நேரத்தில் நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள், மேலாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இறங்கிய பின் மகனுடைய மின்னஞ்சலுக்கு ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் ஊழியர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அது அவருடைய கோப்பில் ஏறும். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் பார்ப்பார்கள். “எல்லாரும் நன்றாகச் செய்தார்கள்” என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. பெயர், செய்த வேலை, கேபின் இலக்கம் அல்லது மேசை இலக்கம், அவர் செய்த ஓர் உதவி என்று நான்கும் வேண்டும். ஊர் திரும்பினால் பெயர் மறந்துபோகும், கப்பலிலேயே ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.