பொது கரி கிரில்லைப் பயன்படுத்திவிட்டு எப்படி விட்டுச்செல்ல வேண்டும்?

பூங்காவிலோ குடியிருப்பிலோ பலரும் மாறி மாறிச் சமைக்கும் கரி அடுப்புதான் பொது கிரில். சமைத்து முடித்ததும் கம்பித் தட்டைச் சூடு இருக்கும்போதே நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், ஆறினால் கொழுப்பு இறுகிவிடும், சாப்பிட்ட தட்டைக் காயவிட்டுக் கழுவுவது போலத்தான்.

அப்புறம் கங்கு. அடுத்து யாராவது காத்திருந்தால் அப்படியே வேண்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். சாம்பல் போர்வை மாதிரி சூட்டைப் பொத்திவைப்பதால், சும்மா விட்டால் முழுசாக ஆற ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதனால் சுடச்சுட பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள்.

புகை நின்றால் அணைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் நன்றாகப் பற்றிய கரி புகையே இல்லாமல்தான் கனலும்.