பின்னால் வந்த கார் இடித்தது: யாருடைய கம்பெனியில் கிளெய்ம் போடுவது?

கேள்வி: டெக்சஸில் ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய கார் ஒன்று வாங்கியபோது, ஸ்டேட் மினிமம் போதும் என்று ஏஜென்ட் சொன்ன பாலிசியை எடுத்தோம். போன வாரம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்தது. இடித்த வேகத்தில் எங்கள் கார் முன்னால் நின்ற பிக்கப் டிரக்கில் போய் மோதிவிட்டது. இடித்தவரின் கம்பெனி தினமும் போன் செய்து வாக்குமூலம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, உடனே செக் தருகிறோம் என்றும் சொல்கிறது. டிரக்காரரோ எங்கள் கம்பெனியில் கிளெய்ம் போட்டிருக்கிறார். என் மனைவிக்குக் கழுத்து வலி இருக்கிறது. நாங்கள் யாரிடம் கிளெய்ம் போட வேண்டும்? அடுத்த மாதம் வேலை காரணமாக வட கரோலினாவின் ராலேவுக்கு மாறுகிறோம். அதனால் சிக்கல் வருமா?

பதில்: முதல் வேலையாக மனைவியை டாக்டரிடம் அழைத்துப்போங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்தில் ஏற்படும் வலி சில நாள் கழித்துக் கூடுவது சாதாரணம். அதோடு, விபத்துக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவே மூன்று வாரம் இடைவெளி விழுந்தால், "இந்த வலி விபத்தால் வந்ததுதானா?" என்று அட்ஜஸ்டர், அதாவது கிளெய்மை விசாரித்துத் தொகையை முடிவு செய்யும் கம்பெனி ஆள், கேட்பார். டாக்டரிடம் எப்படி அடிபட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லிக் குறிப்பில் ஏற வையுங்கள்.

அப்புறம் பாலிசியைக் கையில் எடுங்கள். முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை. டிக்ளரேஷன்ஸ் பேஜ் என்று முதலில் ஒரு தாள் இருக்கும். எந்தெந்தக் காப்பு எவ்வளவு தொகைக்கு இருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்த ஒரு தாளே பதில் சொல்லிவிடும்.

டெக்சஸ் கேட்கும் குறைந்தபட்சம் 30/60/25. எல்லாம் ஆயிரம் டாலர் கணக்கு. உங்கள் தவறால் விபத்து நடந்தால், காயம்பட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000, ஒரு விபத்தில் காயம்பட்ட எல்லாருக்கும் சேர்த்து 60,000, அடுத்தவர் வண்டிக்கும் பொருளுக்கும் 25,000. இதன் பெயர் லையபிலிட்டி. மூன்று எண்ணுமே எதிராளிக்குப் போகிற பணம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் காருக்கோ, உங்கள் வீட்டாரின் சிகிச்சைக்கோ இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை "தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தானே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் தேர்ட் பார்ட்டியில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ கம்பெனி தரும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்வதைக் கம்பெனி கட்ட வேண்டும். பொருள் சேதத்துக்குத்தான் அங்கே வரம்பு. அமெரிக்காவில் இரண்டுக்குமே வரம்பு உண்டு. 30,000 டாலருக்கு மேல் போனால் மீதி உங்கள் தலையில்தான் விழும். எலும்பு முறிந்து ஒரு அறுவை சிகிச்சையும் சில நாள் மருத்துவமனை வாசமும் ஆனாலே அந்தத் தொகை கரைந்துவிடும். ஸ்டேட் மினிமம் என்றால் சாலையில் வண்டியை இறக்க அரசு கேட்கும் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அது போதும் என்று சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. புதிதாக வந்தவர்கள் விவரம் கேட்கத் தெரியாமல் இருக்கும் நேரத்தில்தான் இந்த வார்த்தை அவர்கள் காதில் விழுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். டெக்சஸில் தவறு செய்தவர்தான் பணம் கட்ட வேண்டும். பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் பெரும்பாலும் பொறுப்பு விழும். ஆகவே உங்கள் கார் சேதம், வாடகைக் கார், மனைவியின் சிகிச்சை எல்லாவற்றையும் அவருடைய கம்பெனியிடம் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் கம்பெனிக்கும் விபத்தைத் தெரிவியுங்கள். "தப்பு என்னுடையது இல்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விபத்தை உடனே தெரிவிப்பதும் விசாரணைக்கு ஒத்துழைப்பதும் பாலிசியில் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள்.

டிரக்காரர் உங்கள் மேல் கிளெய்ம் போட்டதற்குப் பதறாதீர்கள். அவர் வண்டியைத் தொட்டது உங்கள் கார். அதனால் உங்கள் கம்பெனியைத் தேடிப் போயிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதும், வழக்கு என்று வந்தால் உங்களுக்காக வக்கீல் வைத்து வாதாடுவதும் உங்கள் கம்பெனியின் கடமை. அந்த மினிமம் பாலிசியில் உங்களுக்கு உண்மையில் உதவும் பகுதி இதுதான். டிரக்காரரோடு நேரில் பேரம் பேச வேண்டாம். நீங்கள் முழுதாக நின்றிருந்தீர்கள், இடித்த பிறகுதான் நகர்ந்தீர்கள் என்பதைக் காட்ட போலீஸ் ரிப்போர்ட், போட்டோக்கள், டேஷ்கேம் பதிவு இருந்தால் அது, பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் உங்கள் அட்ஜஸ்டரிடம் கொடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், டெக்சஸில் தவறைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். முன் வண்டிக்கு ரொம்ப நெருக்கமாக நின்றீர்கள் என்று சொல்லி உங்கள் மேல் 20 சதவீதம் வைத்தால், உங்களுக்கு வர வேண்டிய தொகையில் 20 சதவீதம் குறையும். உங்கள் பங்கு 50-ஐத் தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது. எதிர்க் கம்பெனி வாக்குமூலம் பதிவு செய்யத் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "லேசாக நகர்ந்துகொண்டிருந்தீர்களா?", "இப்போது உடம்பு பரவாயில்லையா?" என்று பேச்சுவாக்கில்தான் கேட்பார்கள். "பரவாயில்லை" என்று நம் வழக்கப்படி சொல்லிவிடுவோம், அது பதிவாகிவிடும். அவர்களோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. பதிவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விபத்து நடந்த தேதி, இடம், போலீஸ் ரிப்போர்ட் எண், கார் எங்கே நிற்கிறது என்ற விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பினால் கார் சேதத்தைப் பார்க்கும் வேலை நகரும்.

செக் விஷயம் இதைவிட முக்கியம். கார் சேதமும் உடல் காயமும் தனித்தனிக் கிளெய்ம்கள். காருக்கான பணத்தை இப்போதே வாங்கிக்கொண்டு, காயத்துக்கானதைப் பிறகு பேசலாம். ஆனால் செக்கோடு வரும் விடுவிப்புப் பத்திரத்தில் "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்கிற மாதிரி ஒரு வரி இருந்து, அதில் உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிசகியது தெரிந்தாலும் கேட்க முடியாது. வாகனச் சேதத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழியக் கையெழுத்து வேண்டாம். காயத்துக்கு வழக்குப் போட டெக்சஸில் விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. சிகிச்சை முடிந்து மொத்தச் செலவு தெரியும்வரை பொறுக்கலாம். காயம் பெரிது என்று தெரியவந்தால் ஒரு வக்கீலைப் பாருங்கள். இந்த மாதிரி வழக்குகளில் முதலில் கட்டணம் வாங்காமல், கிடைக்கும் தொகையில் பங்கு எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

சரி, இடித்தவரும் உங்களைப் போலவே மினிமம் பாலிசிக்காரர் என்றால்? அவருடைய 25,000 உங்கள் காருக்கும் டிரக்குக்கும் சேர்த்துத்தான். ஒரு கணக்குக்கு, உங்கள் காருக்கு 16,000, டிரக்குக்கு 14,000 என்று வைத்துக்கொண்டால் 5,000 குறைகிறது. அல்லது அவர் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகியிருக்கலாம். அங்கேதான் டிக்ளரேஷன்ஸ் தாளில் மூன்று வரிகளைத் தேட வேண்டும்.

ஒன்று, கொலிஷன். இது இருந்தால் தவறு யாருடையது என்று பாராமல் உங்கள் கம்பெனியே காரைச் சரிசெய்து தரும். டிடக்டிபிள் என்று 500 அல்லது 1,000 டாலர் முதலில் உங்கள் கையிலிருந்து போகும். பிறகு உங்கள் கம்பெனி எதிர்க் கம்பெனியிடம் வசூலிக்கும்போது அதையும் சேர்த்துக் கேட்கும். எதிர்க் கம்பெனி இழுத்தடித்தால் இதுதான் வேகமான வழி. ஆனால் மினிமம் மட்டும் எடுத்தவர்களிடம் இது இருக்காது.

இரண்டாவது, இன்சூரன்ஸ் இல்லாதவரோ போதாத இன்சூரன்ஸ் உள்ளவரோ இடித்தால் உங்கள் கம்பெனி தரும் யூ.எம். (அன்இன்ஷ்யூர்ட் மோட்டரிஸ்ட்) காப்பு. டெக்சஸில் இதன் வாகனச் சேதப் பகுதிக்கு 250 டாலர் டிடக்டிபிள். இது உங்களிடம் இருக்குமானால், எதிராளியோடு சமரசம் செய்வதற்கு முன் உங்கள் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதத்தைக் கேளுங்கள். கேட்காமல் முடித்துவிட்டால், போதாத மீதியை இவர்களிடம் கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, பி.ஐ.பி. (பெர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷன்). தவறு யாருடையது என்பதைப் பார்க்காமல் காரில் இருந்தவர்களின் சிகிச்சைச் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் இது தரும். டெக்சஸில் இதன் குறைந்த அளவு 2,500 டாலர். இங்கே ஒரு நல்ல செய்தி. யூ.எம்., பி.ஐ.பி. இரண்டையும் ஒவ்வொரு பாலிசியோடும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில் மறுத்திருக்க வேண்டும். அப்படி நீங்கள் மறுத்த தாள் கம்பெனியிடம் இல்லையென்றால், அந்தக் காப்பு இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே "அது உங்கள் பாலிசியில் இல்லை" என்று போனில் சொன்னால் அதோடு விடாதீர்கள். மறுப்புத் தாளின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது படிக்காமல் டிக் அடித்ததும் மின்கையெழுத்தாக அதில் இருக்கலாம். இருந்தாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

காரைப் பழுது பார்க்கும் பாடி ஷாப் உங்கள் விருப்பம். கம்பெனி சொல்லும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று டெக்சஸில் கட்டாயப்படுத்த முடியாது. டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று சொன்னால், இந்தியாவில் பாலிசியிலேயே காரின் காப்பீட்டு மதிப்பை ஐ.டி.வி. என்று எழுதியிருப்பது போல இங்கே எழுதியிருக்காது. விபத்துக்கு முந்தைய நிமிடம் அந்தக் காரின் சந்தை விலை என்னவோ அதுதான் கணக்கு. அவர்கள் ஒப்பிட்ட கார்களின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். மைல் கணக்கோ மாடலோ தவறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. உங்கள் ஊரில் விற்பனைக்கு உள்ள அதே போன்ற மூன்று நான்கு கார்களின் விலையைக் காட்டி உயர்த்திக் கேளுங்கள். வேறு கார் வாங்கும்போது 6.25 சதவீத விற்பனை வரியும் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். டோட்டல் லாஸ் ஆன காருக்கும் வாடகைக் கார் போன்ற பயன்பாட்டு இழப்பைத் தவறு செய்தவரிடம் கேட்கலாம் என்று 2016-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

உங்கள் சொந்தக் கம்பெனியிடம் போடும் கிளெய்முக்குக் கெடு உண்டு. எழுதிக் கொடுத்த 15 நாளுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். கேட்ட காகிதங்கள் எல்லாம் கிடைத்த பிறகு 15 வேலை நாளுக்குள் உண்டு, இல்லை என்று முடிவு சொல்ல வேண்டும். தருகிறோம் என்று சொன்னால் 5 வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். இழுத்தால் டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை. எதிர்க் கம்பெனி மேலும் கொடுக்கலாம்.

கடைசியாக ராலே. 1945-இல் வந்த மெக்காரன் ஃபெர்குசன் சட்டப்படி இங்கே இன்சூரன்ஸ் மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதனால் எல்லை தாண்டினால் விதி மாறும். கலிஃபோர்னியா 1967 முதல் 15/30/5 என்று வைத்திருந்ததை 2025 ஜனவரியில்தான் 30/60/15 ஆக்கியது. ஃப்ளோரிடாவில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அடுத்தவர் காயத்துக்கான காப்பே கட்டாயமில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் இன்சூரன்ஸ் எடுப்பதே கட்டாயமில்லை. வட கரோலினா 2025 ஜூலை 1 முதல் 50/100/50 கேட்கிறது. யூ.எம். காப்பும் அங்கே பாலிசியோடு சேர்ந்தே வரும். அந்த வகையில் நல்ல மாநிலம்.

ஆனால் தவறைப் பிரிப்பதில் ரொம்பக் கடுமை. விபத்தில் உங்கள் தவறு ஒரு சதவீதம் என்று நிரூபணமானால்கூட எதிராளியிடமிருந்து ஒன்றும் பெற முடியாது என்பது அங்குள்ள பழைய விதி. வர்ஜீனியா, மேரிலாந்து, அலபாமாவிலும் அப்படித்தான். அங்கே கொலிஷன் இல்லாமல் ஓட்டுவது டெக்சஸில் ஓட்டுவதைவிட ஆபத்து. டேஷ்கேம் ஒன்றும் மாட்டிக்கொள்ளுங்கள். புதுப் பாலிசியில் லையபிலிட்டியை 100/300/100 என்று வைத்து, யூ.எம்.மையும் அதே அளவுக்கு உயர்த்தி விலை கேட்டுப் பாருங்கள். வரம்பு இரண்டு மடங்கு மூன்று மடங்கானாலும் பிரீமியம் அப்படி ஏறுவதில்லை. கிரெடிட் ஸ்கோர் இன்னும் தேறாததால் முதல் வருடம் விலை கூடுதலாகத்தான் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி விலை விசாரியுங்கள்.

வட கரோலினா பாலிசி தொடங்கும் தேதி உறுதியான பிறகே டெக்சஸ் பாலிசியை ரத்து செய்யுங்கள். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது. இப்போதைய கிளெய்முக்கு மாற்றத்தால் பாதிப்பில்லை. விபத்து நடந்தது டெக்சஸில் என்பதால் அங்குள்ள பொறுப்பு விதிதான் அதற்குப் பொருந்தும். அன்று நடப்பில் இருந்த பாலிசியே பேசும். இரண்டு அட்ஜஸ்டர்களுக்கும் புது முகவரியை எழுதி அனுப்பிவிடுங்கள். மனைவியின் மருத்துவக் குறிப்புகளையும், எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அந்தப் படங்களையும் ஃப்ரிஸ்கோ டாக்டரிடம் கேட்டு வாங்கி, கையோடு கொண்டுபோய் ராலேயில் பார்க்கப்போகும் டாக்டரிடம் கொடுங்கள்.