ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தால் வயிற்றுவலி

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. காலை ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அரையாண்டில் கணக்கில் 41தான். மார்க் லிஸ்ட்டைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டான். டிபன் பாக்ஸில் வைத்த இட்லி அப்படியே திரும்பி வருகிறது. ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். நடிக்கிறான் என்கிறார் என் கணவர். போன வாரம், "நான் இல்லன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றான். எங்களுக்குத் தோட்டம்தான் வருமானம். கண்டிப்பதா, டியூஷன் மாற்றுவதா?
- பெயர் வேண்டாம், ராசிபுரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, போன வாரம் உங்கள் மகன் சொன்னதாக எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். டியூஷன், மார்க்கெல்லாம் அப்புறம். "நான் இல்லன்னா செலவு மிச்சம்" என்று பதினைந்து வயதுப் பையன் சொன்னால் அதைக் கோபத்தில் சொன்னான் என்று விட்டுவிடக் கூடாது. இன்றைக்கே, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். "அன்னைக்கு அப்படிச் சொன்னியே, செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற பிள்ளைக்கு, அம்மா கேட்டுவிட்டாள் என்பதே பெரிய ஆறுதல். ஆமாம் என்றால் அழாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல் முழுசாகக் கேளுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை போய்விட்டு வருவது நல்லது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம். தோட்டம் வைத்திருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: பூச்சிமருந்து டப்பாக்களையும் வீட்டில் இருக்கிற மாத்திரைகளையும் அவன் கைக்கு எட்டாதபடி பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் என்ன பதில் சொன்னாலும் இதைச் செய்யுங்கள்.

சரி, வயிற்றுவலிக்கு வருகிறேன். அவன் நடிக்கவில்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, பயம் வந்தால் குடலின் அசைவு மாறும், சாதாரணமாகத் தெரியாத இறுக்கம்கூட வலியாகத் தெரியும். அந்த மாற்றம் ஸ்கேனில் விழாது, ஆனால் வலி நிஜம். லீவு முடிந்து பள்ளிக்குப் போவதற்கு முந்தின ராத்திரி வருகிறது என்று நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்காரரிடமும் இதை இப்படியே எடுத்துச் சொல்லுங்கள். எடை குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு வலித்தாலோ மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஏழு மணி கிளாஸுக்குப் போகிற பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று தெரியாதா என்ன. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். இந்த வயதில் தூக்கத்துக்கான ஹார்மோன் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கிறது, அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் கண் மூடாது. அவனை நாலு மணிக்கு எழுப்பிப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைப்பதால் லாபமே இல்லை, ஏனென்றால் பகலில் படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். வீட்டு டியூஷன் ஏதாவது இருந்தால் மாற்ற வேண்டாம், நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் தெருப் பையன்களோடு அரை மணி நேரம் பந்து விளையாடட்டும். பள்ளியில் பறித்துக்கொண்ட விளையாட்டை வீட்டிலாவது திருப்பிக் கொடுப்போம்.

அடுத்தது அந்த மார்க் லிஸ்ட். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான். பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது போன்றவற்றைக் கல்வி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் இருக்கும்போது இதைப் பேசினால் வகுப்பாசிரியருக்கும் சங்கடம், அது பையன் தலையில்தான் வந்து விழும். அதனால் ஒருநாள் சாயங்காலம் நீங்கள் இரண்டு பேருமே நேரில் போய்ப் பாருங்கள். வயிற்றுவலியையும் அவன் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மார்க்கை இனி உங்களிடம் தனியாகச் சொல்லும்படியும், வாரத்தில் இரண்டு நாளாவது காலை ஸ்பெஷல் கிளாஸிலிருந்து விடும்படியும் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்டால் செய்வார்கள், மேலே இருந்து ரிசல்ட் கேட்டு அவர்களையும் நெருக்குகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆசிரியரால் முடியாது என்றால் தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுங்கள். வீட்டில் அந்தக் குழுவை அவன் எதிரில் திறக்காதீர்கள், சொந்தக்காரர்கள் மார்க் கேட்டால் "நல்லாப் படிக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 41-ஐ உங்கள் வீட்டுக்காரர் இன்னொரு தடவை பார்க்கட்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 போதும், பையன் பாஸ் ஆகியிருக்கிறான். ஒருவேளை மார்ச்சில் சறுக்கினாலும் அதே வருடம் துணைத்தேர்வு எழுதிப் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாம். கணக்கு இல்லாத குரூப்புகள் இருக்கின்றன, ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். இதையெல்லாம் அவன் காதுபட, அப்பா வாயாலேயே ஒருமுறை சொன்னால் போதும். எந்த குரூப் என்ற பேச்சை ரிசல்ட் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வீட்டில் வேண்டாம்.