முதல் பந்தயக் காருக்குப் பழைய ஸ்விஃப்ட் போதாதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை எல்லாம் ஒரே திசையில்: வீட்டுக் காரை வைத்துப் பந்தயம் பழக முடியுமா? முடியும். ஆனால் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறீர்கள்.

கையில் மூன்று லட்சம் இருக்கிறது. நண்பர்கள் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கச் சொல்கிறார்கள். சரியா? (ஓசூர்)

கியர்பாக்ஸ் போனால் செலவை அந்த நண்பர்கள் பகிர்ந்துகொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் என்பது ஆசை காட்டும் கணக்குதான். ஆனால் அதிலிருப்பது தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி. சுற்றுக்குச் சுற்று சூட்டில் வதக்குவதற்கு அது மலிவான பொருள் அல்ல.

நானாக இருந்தால் 2005இல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலைத் தேடுவேன். 1.3 லிட்டர், 87 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய ஒரு டன். எஸ்டீமிலும் ஜிப்சியிலும் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை எல்லா ஊரிலும் உண்டு. 2010இல் எஞ்சின் 1.2 லிட்டருக்கு மாறியது, அதுவும் நல்லதே.

பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தில் மயங்காதீர்கள். பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் தலை பொருந்தும் வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். தகடுகள் சேரும் இடத்தில் கம்பெனி பூசிய அடைப்புப் பசை (சீலண்ட்) ஒரே சீராக இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருந்தால் முன்பக்கம் அடி வாங்கிய வண்டி. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பதினைந்து ஆண்டு கடந்த கார் என்றால் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதினால் வேகம் கூடுமாமே? (பாலக்கோடு)

கூடும். நிற்பதற்கு என்ன செய்வீர்கள்?

என் இரண்டாவது பயிற்சி நாளில், ஆறாவது சுற்றில், வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஊறிய சாக்கை மிதித்ததுபோலத் தரைவரை போனது. இரண்டு முறை குத்திக் குத்தி மிதித்து, கியரை இறக்கி, மண்ணில் போய் நின்றேன். குற்றம் என்னுடையது, மூன்று ஆண்டாக பிரேக் ஆயிலை மாற்றவில்லை. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்குமே தவிர, சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைத் தள்ளாது.

ஆகவே புது டாட் 4 ஆயில், நல்ல பேட், நல்ல டயர். மிச்சம் இருப்பதைத் தடத்தில் ஓட்டும் நேரத்துக்குக் கொடுங்கள். எஞ்சினைப் பற்றி அடுத்த ஆண்டு பேசுவோம்.

டியாகோ ஜேடிபி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (காவேரிப்பட்டினம்)

நிலை நன்றாக இருந்தால் வாங்குங்கள். டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக 2018இல் கொண்டுவந்த, டியாகோவின் வேகப் பதிப்பு. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஐந்து கியர். தாழ்த்திய சஸ்பென்ஷன் தயாரிப்பாளர் கொடுத்ததே என்பதால், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றிய தலைவலி இல்லை. நாமே பட்டறையில் மாற்றினால் அது உண்டு. உற்பத்தி சீக்கிரமே நின்றுவிட்டது. அதற்கே உரிய பம்பர் உடைந்தால் தேடி அலைய வேண்டும். பேரத்தில் அதைச் சொல்லுங்கள்.

ஊர் வெல்டிங் பட்டறையில் ரோல் கேஜ் செய்யலாமா? (அரூர்)

ரோல் கேஜ் என்பது கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு. வீட்டு வாசல் கேட்டுக்கு அடிக்கும் பைப்பில் அதைச் செய்யக் கூடாது. சர்வதேச விதிப்படி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு இணைப்பில்லாத எஃகுக் குழாய் வேண்டும்: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50க்கு 2. இன்னொன்று, கேஜ் பூட்டிய காரை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டினால் சின்ன மோதலிலும் தலை அந்தக் குழாயில்தான் போய் இடிக்கும். பயிற்சி நாளுக்குக் கேஜ் தேவையில்லை. பந்தயத்துக்கு என்று முடிவான பிறகு பூட்டி, காரை லாரியில் ஏற்றிப் போங்கள்.

இரவில் தொப்பூர் கணவாயில் பழகலாமா? (தர்மபுரி)

கூடாது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் சிறை வரை போகலாம். பிரேக் சூடேறி இறங்கும் லாரிக்கு உங்கள் பயிற்சி பற்றித் தெரியாது.

பிறகு எங்கே ஓட்டுவது? (பர்கூர்)

உங்கள் ஊர் வழியாகப் போகும் சென்னை நெடுஞ்சாலையிலேயே போனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து இருங்காட்டுக்கோட்டை, 3.7 கி.மீ. பந்தயத் தடம். மறுபக்கம் கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. கொண்ட கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயரைத் தாங்கியது. சிக்கனப் பந்தயக்காரன் ஒருமுறையாவது அங்கே ஓட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். பயிற்சி நாள் தேதியைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். வீடு திரும்புவதும் அதே காரில்தான். ஒரு செட் பிரேக் பேடும் ஐந்து லிட்டர் தண்ணீரும் டிக்கியில் இருக்கட்டும்.